இறக்குமதியால் வேலை போனால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? ஓசூரையும் தர்மபுரியையும் முன்வைத்து ஒரு விளக்கம்

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் இந்தியா வணிக ஒப்பந்தம் கையெழுத்திட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் கார்களுக்கு 100 சதவீதத்துக்கும் மேல் இருந்த வரி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் படிப்படியாக 10 சதவீதமாகக் குறையும். சுவிஸ் கைக்கடிகாரங்கள் மீதான சுங்க வரி ஏழு ஆண்டுகளில் நீங்கிவிடும். வாகன உதிரிபாகங்களும் கைக்கடிகாரங்களும் செய்து பிழைக்கும் ஓசூரில் இப்படிப்பட்ட செய்திகளைக் கவலையோடுதான் படிக்கிறார்கள். விலை உயர்ந்த சுவிஸ் கடிகாரமும் சொகுசு காரும் இங்கு எந்த ஆலையையும் மூடிவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் வரி ஒவ்வொரு முறை குறையும்போதும் எழுகிற கேள்வி நியாயமானது: வெளிநாட்டுச் சரக்கு வந்து என் வேலை போனால், அரசு எனக்கு என்ன செய்யும்? அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் உதவித் திட்டம் இருந்ததாகச் சொல்கிறார்களே, நமக்கு உண்டா?

இறக்குமதி என்ற காரணத்துக்காக மட்டும் வழங்கப்படும் உதவி இந்தியாவில் இல்லை. வேறு பெயர்களில் சில உரிமைகள் இருக்கின்றன. அவை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் ஒரு தாளையும், கணினியில் பதிவாகும் ஓர் எண்ணையும் பொறுத்தது. அந்த இடத்துக்குப் போகும் முன் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

இறக்குமதி எப்படி வேலையைப் பறிக்கிறது

1. நேரடியாக. இங்கே செய்யப்படும் அதே பொருள் வெளியிலிருந்து குறைந்த விலைக்கு வருகிறது. விற்பனை சரிகிறது, உற்பத்தி குறைகிறது, ஆட்கள் குறைக்கப்படுகிறார்கள். இதைக் கண்ணால் பார்க்கலாம், கணக்கிடலாம்.

2. சங்கிலி வழியாக. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள பெரிய ஆலை தொடர்ந்து ஓடுகிறது, அதன் உற்பத்தி கூடவும் செய்கிறது. ஆனால் முன்பு பக்கத்துச் சிறு பட்டறையில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரச் சொல்லி, வாங்கிய உதிரிபாகத்தை இப்போது இறக்குமதி செய்கிறது. பாதிக்கப்படுவது இருபது பேர் வேலை செய்யும் அந்தப் பட்டறை. பெரிய ஆலையின் கணக்கில் இந்த வேலையிழப்பு எங்கும் தெரியாது. நம் மாவட்டங்களில் நடப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பது என் கருத்து.

3. மூலப்பொருள் வழியாக. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு விளைவிக்கும் மாவட்டங்கள். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் அன்றன்று கூட்டின் விலை என்ன என்பதைப் பல ஆயிரம் மைல் தொலைவில் உள்ள சீனப் பட்டுநூல் விலையும் தீர்மானிக்கிறது. 2011 மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டு மீதான சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2013இல் மீண்டும் 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பின்னர் 10 சதவீதமாக இறங்கி, 2021 பட்ஜெட்டில் மறுபடியும் 15 சதவீதமானது. வரி இறங்கினால் நெசவாளருக்கு நூல் மலிவு. கூடு வாங்கி நூல் எடுக்கும் நூற்பாளருக்கு அடி. அவரிடம் வேலை செய்யும் பெண்களுக்கு முதல் அடி.

4. தலைகீழாக. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அது ஏற்றுமதி இழப்பால் வந்த பாதிப்பு. பெயர் வேறு என்றாலும் காரணம் நாடுகளுக்கு இடையிலான வணிகம்தான். உதவியைப் பற்றிப் பேசும்போது இவர்களை ஒதுக்கிவைக்க எந்த நியாயமும் இல்லை.

அமெரிக்கா என்ன செய்தது

1962இல், அதிபர் கென்னடி காலத்தில் இயற்றப்பட்ட வணிக விரிவாக்கச் சட்டத்தில்தான் இந்த யோசனை முதன்முதலில் சட்ட வடிவம் பெற்றது. அதன் அடிப்படை எளிமையானது. இறக்குமதி வரியைக் குறைப்பதால் நாடு முழுவதும் பொருள் மலிகிறது. எல்லோருக்கும் கொஞ்சம் நன்மை. ஆனால் அதன் விலையைச் சில ஊர்களின் சில ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் தங்கள் வேலையால் செலுத்துகிறார்கள். நன்மை அடைந்தவர்கள் சார்பில் அரசு அவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும்.

காகிதத்தில் இது நன்றாக இருந்தது. நடைமுறையில் 1969 வரை ஒரு தொழிலாளர் குழுவுக்குக்கூட உதவி கிடைக்கவில்லை. வரிச் சலுகையால்தான் இறக்குமதி கூடியது, அந்த இறக்குமதிதான் வேலையிழப்புக்குப் பெரும் காரணம் என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையைத் தாங்க யாராலும் முடியவில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனைகளைத் தளர்த்திய பிறகே திட்டம் பெரிதானது. ‘காரணத்தை நிரூபி, உதவி தருகிறேன்’ என்று சொல்லும் எந்தத் திட்டத்துக்கும் இந்த ஏழு ஆண்டுகள் ஓர் எச்சரிக்கை.

பின்னாளில் அது இயங்கிய முறை இது:

1. ஒரே ஆலையில் வேலையிழந்த மூன்று தொழிலாளர்கள் சேர்ந்தால் போதும், மனு கொடுக்கலாம். தொழிற்சங்கமோ நிறுவனமோ மாநில வேலைவாய்ப்பு அலுவலகமோ கூடக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை.

2. கூட்டாட்சித் தொழிலாளர் துறை விசாரித்து, அந்த ஆலையின் வேலையிழப்புக்கு இறக்குமதியோ உற்பத்தி வெளிநாட்டுக்கு மாறியதோ காரணமா என்று முடிவு செய்யும். ஆம் என்றால் அந்தக் குழுவுக்கே சான்று. பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

3. 2002க்குப் பிறகு, பாதிக்கப்பட்ட ஆலைக்குப் பொருள் கொடுத்துவந்த சிறு நிறுவனங்களின் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். நம் ஜாப் ஒர்க் பட்டறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது.

4. புதிய தொழில் கற்கப் பயிற்சிச் செலவு, பயிற்சிக் காலத்தில் வார உதவித்தொகை, வேலை தேடிப் போகவும் வேறு ஊருக்குக் குடிபெயரவும் ஒரு தொகை.

5. ஐம்பது வயதைக் கடந்தவர் குறைந்த சம்பளத்தில் புது வேலை எடுத்துக்கொண்டால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு தரும். இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் 10,000 டாலர். ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கு மட்டும்.

ஐந்தாவது அம்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஐம்பது வயதுக்காரரை மறுபடியும் வகுப்பறைக்கு அனுப்புவதைவிட, கிடைத்த வேலைக்கு அவர் தயங்காமல் போக வழி செய்கிறது அது.

குறைகளும் இருந்தன. சீன இறக்குமதியால் பாதிக்கப்பட்ட அமெரிக்கப் பகுதிகளைப் பற்றி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே மக்கள் இந்தத் திட்டத்தைவிட உடல் இயலாமை உதவித்தொகையையே மிக அதிகமாக நாடினார்கள் என்று காட்டியது. தனக்கென்று உருவாக்கப்பட்ட கதவு குறுகலாக இருந்ததால் தொழிலாளி திறந்திருந்த வேறு கதவுக்குப் போனார். கடைசியில், அமெரிக்க நாடாளுமன்றம் நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்று வழங்குவது நின்றுவிட்டது. ஆகவே ‘அமெரிக்காவில் இருக்கிறது, இங்கே இல்லை’ என்று இன்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் இதே நோக்கத்தோடு ஒரு நிதியை நடத்துகிறது. ஆயிரம் பேர் வேலையிழந்தால்தான் உதவி என்று தொடங்கி, 500 ஆக்கி, 2021இல் 200 ஆகக் குறைத்தார்கள். செலவில் 60 முதல் 85 சதவீதத்தை ஒன்றியம் ஏற்கும். மீதி அந்தந்த நாட்டுடையது. நிறுவனம் சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டுக்கு இது மாற்று ஆகாது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு முன்பு இருந்தவை

நாம் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1991இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோதே, பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்காக ஒரு நிதி வரும் என்று அறிவிக்கப்பட்டது. 1992 பிப்ரவரியில் தேசியப் புதுப்பித்தல் நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி, பாதிக்கப்பட்ட பகுதிகளில் புதிய வேலைவாய்ப்பு என்று அதன் நோக்கங்கள் விரிவாகவே இருந்தன. ஆனால் பணத்தில் மிகப் பெரும்பகுதி மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கே போனது. தனியார் ஆலைத் தொழிலாளி அதன் பக்கமே நெருங்கவில்லை. 2000இல் நிதி கலைக்கப்பட்டது.

நெசவாலைகளுக்குத் தனியாக ஒன்று இருந்தது. 1986 செப்டம்பரில் தொடங்கிய ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம், நிரந்தரமாக மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்களுக்கு முதல் ஆண்டு சம்பளத்தில் 75 சதவீதம், இரண்டாம் ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25 என்று தந்தது. மூன்று ஆண்டுகள் படிப்படியாகக் குறையும் தாங்கல். மனிதர் நிமிர்ந்து நிற்க அவகாசம் தரும் நல்ல வடிவம். 2017 ஏப்ரலில் அதை இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வேலையின்மைத் திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள்.

இன்று கையில் இருக்கும் உரிமைகள்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இருக்கிறது. பழைய சட்டத்தின் பல ஏற்பாடுகள் இதிலும் தொடர்கின்றன.

ஆட்குறைப்பு என்றால், தண்டனையாக இல்லாமல் வேறு காரணத்துக்காக முதலாளி தொழிலாளியை வேலையிலிருந்து விலக்குவது. தொழிலாளி தானாக விலகுவதும், ஓய்வு வயதில் போவதும், குறித்த கால ஒப்பந்தம் முடிந்து போவதும் இதில் சேராது. இந்த வரையறையை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகின்றன.

1. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம். பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு.

2. மறுதிறன் நிதி. இது புதியது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை முதலாளி இந்த நிதிக்குச் செலுத்த வேண்டும். 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பெயரில் பயிற்சி இருக்கிறது. கிடைப்பது அரை மாதச் சம்பளம்.

3. பணிக்கொடை (கிராஜுவிட்டி). பொதுவாக ஐந்து ஆண்டு முடித்திருந்தால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டே போதும். இது ராஜினாமா செய்தாலும் உண்டு.

4. ஆலையை மூடினாலும் இழப்பீடு உண்டு. முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய தவிர்க்க முடியாத சூழலால் மூடினால் மட்டும் இழப்பீட்டுக்கு மூன்று மாதச் சம்பளம் என்ற உச்சவரம்பு வரும். இங்கே சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: நிதி நெருக்கடி, நஷ்டம், விற்காத சரக்குத் தேக்கம் ஆகியவை மட்டும் தவிர்க்க முடியாத சூழல் ஆகா. இறக்குமதியால் அடிபட்ட ஆலையின் நிலை பெரும்பாலும் இவைதானே. ‘சீனச் சரக்கு வந்துவிட்டது, நான் என்ன செய்வேன்’ என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்க முடியாது.

5. 300 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள ஆலைகள் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டும். முன்பு இந்த எல்லை 100ஆக இருந்தது. ஓசூரின் நடுத்தர ஆலைகள் பல இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன; அவை இனி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இவை முதலாளி தர வேண்டியவை. காப்பீடு என்ற முறையில் கிடைப்பவை இஎஸ்ஐயில் இரண்டு. ஒன்று, 2005 ஏப்ரல் 1இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம். ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலையிழந்த, குறைந்தது இரண்டு ஆண்டு சந்தா செலுத்திய காப்பீட்டாளருக்கு முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. மற்றொன்று, 2018 ஜூலை 1இல் தொடங்கிய அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம். முதலில் 25 சதவீதமாக இருந்து, 2020இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாள். வாழ்நாளில் ஒரு முறை. இரண்டாவதற்கு ஆட்குறைப்பு என்ற சான்று தேவையில்லை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையாலோ ஓய்வு வயதாலோ விருப்ப ஓய்வாலோ வெளியேறியிருக்கக் கூடாது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர் இஎஸ்ஐக்குள் வர மாட்டார். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையும் பொதுவாக வராது. நல்ல சம்பளம் வாங்கும் அனுபவசாலியும், மிகச் சிறிய பட்டறையில் உழைப்பவரும், இரண்டு முனைகளில் வெளியே நிற்கிறார்கள்.

ஒரு கணக்கு

பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகும் ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பது ஆண்டு பணி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய். இஎஸ்ஐ பிடித்தம் தவறாமல் நடந்திருக்கிறது. இறக்குமதி உதிரிபாகத்தால் பட்டறைக்கு ஆர்டர் நின்றுவிட்டது.

அவருக்கு முறையாக ஆட்குறைப்புக் கடிதம் தரப்பட்டால்:

முன்னறிவிப்புச் சம்பளம் 15,600 ரூபாய். இழப்பீடு, மாதத்துக்குப் பாதியாகக் கொண்டால் 7,800 வீதம் ஒன்பது ஆண்டுக்கு 70,200. மறுதிறன் நிதி 7,800. பணிக்கொடைக்கு மாதத்தை 26 நாளாகக் கொள்வதால் ஆண்டுக்கு 9,000, மொத்தம் 81,000. ராஜீவ் காந்தி திட்டத்தில் வேறு வேலை கிடைக்காத பட்சத்தில் முதல் ஆண்டு மாதம் சுமார் 7,800, இரண்டாம் ஆண்டு சுமார் 3,900. இரண்டு ஆண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,40,000. எல்லாம் கூட்டினால் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது.

அவரிடம் ராஜினாமா கடிதம் வாங்கப்பட்டால்: பணிக்கொடை 81,000 ரூபாய். அவ்வளவுதான். அடல் திட்டத்தில் தகுதி பெற்றாலும் ஒன்றரை மாதச் சம்பளத்துக்குச் சமமான 23,000 ரூபாய் அளவுக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

வேலை போனதற்கான காரணம் இரண்டிலும் ஒன்றே. இரண்டு லட்சம் ரூபாய்க்கும் மேலான வித்தியாசம் ஒரு தாளில் இருக்கிறது.

அந்தத் தாள் ஏன் கிடைப்பதில்லை

சிறு பட்டறை முதலாளியும் இதில் நெருக்கடியில்தான் இருக்கிறார் என்பதை மறுக்கவில்லை. ஆர்டர் போன மாதத்தில் இழப்பீட்டுக்குப் பணம் புரட்டுவது அவருக்கும் கடினம். ஆனால் அதன் சுமை முழுதும் தொழிலாளி மீது இறங்குகிறது. ‘இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் பிஎஃப் உடனே வந்துவிடும்’ என்று சொல்லி ராஜினாமாவில் கையெழுத்து வாங்கப்படுகிறது. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் தேவைப்படும் மனிதர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

அடுத்து, பெரும்பாலோர் கவனிக்காத ஓர் இடம். ஒவ்வொரு மாதமும் முதலாளி இஎஸ்ஐ இணையத்தில் சந்தாவைப் பதிவேற்றும்போது, சம்பளம் இல்லாத தொழிலாளியின் பெயருக்கு எதிரே ஒரு காரண எண்ணைக் கொடுக்க வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுச் சென்றார். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை. கணக்கர் பழக்கத்தில் 2 என்று தட்டிவிடுகிறார். தொழிலாளி பல மாதங்களுக்குப் பிறகு கிளை அலுவலகத்துக்குப் போகும்போதுதான், தான் தானாகவே வேலையை விட்டவர் என்று பதிவாகியிருப்பதைத் தெரிந்துகொள்கிறார்.

மூன்றாவது, ஒப்பந்தத் தொழிலாளர். ஆர்டர் குறைந்தால் பெரிய ஆலை செய்வதெல்லாம் ஒப்பந்ததாரரிடம் ‘அடுத்த மாதம் முதல் நாற்பது ஆள் குறைத்து அனுப்புங்கள்’ என்று சொல்வதுதான். ஆலை யாரையும் விலக்கவில்லை. ஒப்பந்ததாரரும் ‘வேறு இடத்தில் வேலை வரும், சொல்லி அனுப்புகிறேன்’ என்கிறார். யாரும் விலக்காமலே நாற்பது பேர் காரிமங்கலத்துக்கும் மாரண்டஅள்ளிக்கும் திரும்பிவிடுகிறார்கள். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதிலிருந்து ஆலைகள் பெரும்பாலும் ஒரு மாவட்டத்திலும், அவற்றுக்கு உழைப்பவர்களில் கணிசமானோர் இன்னொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். வேலையிழப்பு ஓசூரில் நடக்கிறது, அதன் துன்பம் தர்மபுரியில் கழிகிறது. இரண்டு ஆட்சியர் அலுவலகங்களில் எதன் கணக்கிலும் அது சேர்வதில்லை.

மாநிலத் திட்டங்கள் இந்தப் பள்ளத்தை மூடவில்லை. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கானது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600. நேற்று வரை ஆலையில் இருந்தவருக்கு அது பொருந்தாது. அரசு ஐடிஐகள் 71இல் நவீன இயந்திரங்களுடன் தொழில் 4.0 மையங்கள் அமைக்கப்பட்டது பாராட்டத்தக்கது. ஆனால் ஐடிஐயில் ஆண்களுக்கு வயது வரம்பு 40. லேத்தில் இருபது ஆண்டு நின்ற 45 வயதுக்காரர் புதிய இயந்திரத்தைக் கற்க அங்கே சேர முடியாது.

இறக்குமதிக்கு எதிரான வரி தொழிலாளிக்கு உதவுகிறதா

‘மலிவு இறக்குமதிக்கு அரசு வரி போட்டது’ என்று செய்தி வந்தால் தொழிலாளிக்கு உதவி வந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். இரண்டு வகை வரிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. பொருள்குவிப்புத் தடுப்பு வரி. தன் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைவாக ஒரு நாட்டு நிறுவனம் இங்கே கொண்டுவந்து விற்று, அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு என்றால் விதிக்கப்படுவது. பொதுவாக ஐந்து ஆண்டு நீடிக்கும்.

2. பாதுகாப்பு வரி. விலை நியாயமாக இருந்தாலும், இறக்குமதி திடீரென்று பெருகி உள்நாட்டுத் தொழிலை நிலைகுலையச் செய்தால் தற்காலிகமாக விதிப்பது. 2025 ஏப்ரல் 21 அன்று சில வகை எஃகுத் தகடுகளுக்கு 200 நாட்களுக்கு 12 சதவீதம் விதித்தது இந்த வகை.

முதல் வகைக்கு மனு கொடுக்க, அந்தப் பொருளின் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தை வைத்திருக்கும் உற்பத்தியாளர்களின் ஆதரவு வேண்டும். 2018இல் அமைக்கப்பட்ட வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் விசாரிக்கும். ஓராண்டு ஆகும், ஒன்றரை ஆண்டு வரையும் போகலாம். பாதிப்பை அளக்கப் பார்க்கும் அம்சங்களில் விற்பனை, லாபம் ஆகியவற்றோடு வேலைவாய்ப்பும் சம்பளமும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தொழிலாளியின் வேலையிழப்பு ஆலையின் மனுவுக்கு ஆதாரமாகிறது. வரி கிடைத்தால் ஆலைக்கு விலைப் பாதுகாப்பு. வசூலாகும் பணம் அரசின் பொதுக் கருவூலத்துக்கு. யாருடைய இழப்பு சான்றாகக் காட்டப்பட்டதோ அவருக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. அவரை மறுபடியும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையில் ஓர் அடிக்குறிப்பு, சில நாடுகளில் தொழிலாளர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ இத்தகைய மனுவைக் கொடுக்கவோ ஆதரிக்கவோ செய்யலாம் என்று சொல்கிறது. அமெரிக்காவில் எஃகுத் தொழிலாளர் சங்கம் அப்படி மனு கொடுத்திருக்கிறது. இந்திய விதிகளில் உள்நாட்டுத் தொழில் என்றால் உற்பத்தியாளர்கள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஃகுத் தகட்டுக்கு வரி போட்டால் எஃகு ஆலைத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு. அந்தத் தகட்டை வாங்கி வெட்டி வளைக்கும் ஓசூர்ப் பட்டறைக்கு மூலப்பொருள் விலையேற்றம். கச்சாப் பட்டில் நூற்பாளரும் நெசவாளரும் எதிரெதிரே நிற்பது போலத்தான் இதுவும். வரியால் ஒரு தொழிலாளியைக் காக்கும்போது இன்னொருவரின் வேலைக்கு ஆபத்து வரலாம். அதனால்தான் வரி ஒன்றே போதும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. உதவி நேரடியாக மனிதருக்குப் போக வேண்டும்.

எது நியாயமான வடிவம்

இறக்குமதியால் வேலையிழந்தவருக்கு மட்டும் தனித் திட்டம் வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. அமெரிக்காவின் முதல் ஏழு ஆண்டுகளை நினைத்தால் எனக்குத் தயக்கம் வருகிறது. பெரிய ஆலை எதை எங்கிருந்து வாங்குகிறது என்ற ஆவணம் பட்டறைத் தொழிலாளிக்கு எப்படிக் கிடைக்கும்? இறக்குமதியால் வேலை போனவரும், ஆலைக்குள் புதிய இயந்திரம் வந்ததால் வேலை போனவரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள். உதவி, காரணம் கேட்காமல் வர வேண்டும். ராஜீவ் காந்தி திட்டத்தின் இரண்டு ஆண்டுத் தாங்கலை, ஆட்குறைப்புச் சான்று இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் விரிவாக்குவது அதற்கு நேரான வழி. சந்தா ஏற்கெனவே அவர் சம்பளத்திலிருந்தும் பிடிக்கப்படுகிறது.

ஆனால் காரணம் பதிவாகவும் வேண்டும். மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தால், ஆர்டர் ஏன் நின்றது என்று விசாரித்துப் பதியும் ஏற்பாடு இருந்தால், அடுத்த வணிக ஒப்பந்தத்தைப் பேசப் போகிறவர்களின் கையில் ஓசூரின் கணக்கு இருக்கும். இன்று அவர்களுக்குத் தெரிவது சங்கங்கள் மூலம் பேசத் தெரிந்த பெரிய உற்பத்தியாளர்களின் கணக்கு மட்டும். பட்டு நூற்பில் இருக்கும் பெண்களுக்கு இந்தப் பதிவு இன்னும் அவசியம்: பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மேலே சொன்ன இஎஸ்ஐ உதவிகள் எதுவுமே பொதுவாகப் பொருந்தாது.

வேலை போகும் நிலையில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

1. ராஜினாமா கடிதத்திலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பிஎஃப் பணம் எடுக்க ராஜினாமா கடிதம் தேவையில்லை.

2. இஎஸ்ஐ எண்ணை வைத்து இணையத்தில் உங்கள் சந்தா விவரத்தை இப்போதே பாருங்கள். இரண்டு ஆண்டுச் சந்தா பதிவாகியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒப்பந்ததாரர் மாறியபோது புதிய எண் போடப்பட்டிருந்தால், பழைய எண்ணோடு இணைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

3. வெளியேறிய காரணம் என்னவென்று பதியப்பட்டது என்பதை முதலாளியிடமும் கிளை அலுவலகத்திலும் கேளுங்கள். தவறென்றால் திருத்தக் கோரி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அந்த ரசீதை வைத்திருங்கள்.

4. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் புகைப்படம், மேற்பார்வையாளர் ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்று அனுப்பிய செய்தி ஆகிய எதையும் அழிக்காதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பல நேரங்களில் அந்தச் செய்தி ஒன்றே சான்று.

5. விலக்கப்பட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் நிலுவைச் சம்பளம் தரப்பட வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி.

6. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால் உரிமைக் கோரிக்கையை உரிய நாளுக்குள் பதியுங்கள். கடைசி 24 மாதத்துக்கான தொழிலாளர் நிலுவை, பிணையம் பெற்ற வங்கிக் கடனோடு சம வரிசையில் வரும். பிஎஃப், பணிக்கொடை நிதிகளில் உள்ள பணம் கடன்காரர்களுக்குப் பிரிக்கப்படும் சொத்தில் சேராது.

7. விலக்கியது சட்டத்துக்கு முரண் என்று கருதினால் தனியாளாகவே சமரச அலுவலரிடம் தகராறு எழுப்பலாம். சங்கம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீடு தர்மபுரி மாவட்டத்தில் இருந்தாலும் ஆலை இருக்கும் இடத்தின் அலுவலகத்தில்தான் தொடங்க வேண்டும். பழைய சட்டத்தில் இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டுதான்.